‘இதோ’ என்று சொல்லாதவர்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவர் பேசுவார். இரண்டு கையிலும் எந்நேரமும் ஈரம் இருக்கும். அந்தப் பக்கம் ஒருவர் மூச்சு வாங்கப் பேசினார். கிருமாம்பாக்கத்தைத் தாண்டி ஒரு ஊர். அம்மா இறந்துவிட்டார், பெட்டி வேண்டும், எவ்வளவு நேரத்தில் வரும் என்று கேட்டார்.

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஒன்னேகால் மணி நேரம் ஆவும் சார். பாகூர்ல ஒருத்தர் வெச்சிருக்காரு. அவரு இருவது நிமிஷத்துல வந்துடுவாரு. நம்பர் சொல்லட்டுமா?”

சொன்னார். போனில் இருந்தவர் எழுதிக்கொண்டார். கழுவித் துடைத்து நிறுத்தியிருந்த மூன்று பெட்டிகளும், டீசல் போட்ட வண்டியும், சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்த நானும் அப்படியே நின்றோம்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். திருப்பூரில் சாயப்பட்டறை, ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் இரண்டு வருடம், கேரளத்தில் ஓட்டல் என்று பல முதலாளிகளைப் பார்த்தவன். ஏமாற்றிய முதலாளி உண்டு, அடித்த முதலாளி உண்டு. வீட்டு வாசலுக்கு வந்த வேலையைப் போட்டிக்காரர் கையில் தூக்கிக் கொடுத்தவரை அன்றுதான் பார்த்தேன். இங்கே ஒரு மாதத்தைத் தாண்ட மாட்டேன் என்று நினைத்தேன். இரண்டே முக்கால் வருடம் இருந்தேன். என் கால்களுக்கு அது நீண்ட காலம்.

பெட்டி என்றால் குளிர்பெட்டி. கண்ணாடி மூடி போட்டது. வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும்வரை இறந்தவரை அதில் வைத்திருப்பார்கள். வில்லியனூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் அக்கா அதை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கணவர் துபாயில் ஏசி மெக்கானிக். முதல் பெட்டியை அவர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த இரண்டும் அக்காவே வாங்கியவை. கம்பிரஸர் பழுதானால் வீடியோ காலில் கணவரைக் கூப்பிட்டு, அவர் சொல்லச் சொல்ல ஸ்பேனரைப் பிடித்துச் சரிசெய்வார்.

அவர் என்னைவிட மூன்று வயது சின்னவர். ஆனாலும் முதலாளி என்பதால் நான் அக்கா என்றேன். நான் மூத்தவன் என்பதால் அவர் என்னை அண்ணா என்றார். எங்கள் கம்பெனியில் இரண்டே பேர், இரண்டு பேருமே மூத்தவர்கள்.

நாம் எல்லோரும் ஒரு நாளைக்கு ஐந்து முறையாவது ‘இதோ வந்துட்டேன்’ என்று சொல்கிறோம். பாயிலிருந்து எழுந்திருக்காமலே சொல்கிறோம். கேட்பவருக்கும் அது தெரியும். அதனால் அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. அக்கா மட்டும் அந்தச் சொல்லை வாயில் வைக்க மாட்டார். பால்காரரிடம்கூட “நாலு நிமிஷம்” என்பார். நான்கு நிமிடத்தில் பாத்திரத்தோடு போய் நிற்பார். ஒருமுறை ஐந்தாகிவிட்டபோது அந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்டார். பால்காரர் பயந்துபோய் என்னிடம் வந்து, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

கடிகாரத்துக்குக் கீழே ஆணியில் ஒரு கோடு போட்ட நோட்டு தொங்கும். பெட்டியை ஏற்றிக்கொண்டு எந்த ஊருக்குப் போக எவ்வளவு நேரம் என்று அதில் இருக்கும். வெறுமனே பாகூர் நாற்பது நிமிடம் என்று எழுத மாட்டார். காலையில் இவ்வளவு, பள்ளிக்கூடம் விடும்போது இவ்வளவு, ரயில் கேட் மூடியிருந்தால் இவ்வளவு, தேர் அன்று இவ்வளவு, மழையில் எந்தத் தெருவில் வண்டி இறங்காது, எந்தத் தெருவில் பெட்டியைக் கையில்தான் தூக்கிப் போக வேண்டும் என்பதுவரை இருக்கும். நான் ஓட்டிவிட்டு வந்ததும் முதல் கேள்வி, “எவ்ளோ ஆச்சுண்ணா?” என்பதுதான். கூட்டியோ குறைத்தோ சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்.

சாவு வீட்டில் அவர் அதிகம் பேச மாட்டார். பிளக்கைப் பார்ப்பார், வோல்டேஜ் பார்ப்பார், எர்த் பார்ப்பார், அடியில் தண்ணீர் சேரும் தட்டைச் சரிசெய்வார். கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை வீட்டில் அழாமல் நிற்கிற ஒருவரைத் தேடிப் பிடித்துச் சொல்வார். முடிந்ததும் கிளம்பிவிடுவோம். சாவு வீட்டில் ‘வரேன்’ என்று சொல்லிக்கொள்ளக் கூடாது அல்லவா, தலையை மட்டும் அசைத்துவிட்டு வண்டியில் ஏறுவார். அந்த வழக்கம் அவருக்குப் பொருத்தமாக இருந்தது. எப்போது வருவோம் என்று தெரியாதபோது வரேன் என்று ஏன் சொல்ல வேண்டும்?

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரே ஒரு முறைதான் சொன்னார். திரும்பி வந்த பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தோம். ரோஜா இதழும் வாய்க்கரிசியும் மூலைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும், பழைய பல் விளக்கும் பிரஷ்ஷால் எடுப்போம். அவர் பிறந்தது பிள்ளைச்சாவடி. அம்மா மீன் ஏலம் எடுத்து விற்றவர். ஒரு நாள் கரையில் மீன் மலையாகக் குவிந்ததாம். ஐஸ் வண்டிக்காரருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். இதோ வந்துட்டேன் என்றிருக்கிறார். பதினொன்றுக்கும் இதோ, ஒன்றுக்கும் இதோ. வேறு வண்டியைக் கூப்பிட்டால் இவர் வந்து நின்று சண்டை போடுவாரே என்று அம்மா கூப்பிடவில்லை. நான்கு மணிக்கு மீனை மணலில் குழி தோண்டிப் புதைத்தார்களாம்.

“வரமாட்டேன்னு சொல்லியிருந்தா எங்கம்மா யாவாரம் பொழச்சிருக்கும்” என்றார் அக்கா. பிறகு பிரஷ்ஷைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆனால் பெட்டிகள் வேலையில்லாமல் நிற்க ஆரம்பித்தன. முதலில் ஒன்று, பிறகு இரண்டு. அதுவரை எங்களுக்கு வேலை வந்தது விளக்குக் கம்பத்தில் ஒட்டிய ஸ்டிக்கராலும், பூமாலை கட்டுகிறவர்கள், பறையடிக்கிறவர்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள் சொல்லி அனுப்பியதாலும்தான். ஒரு நாள் மூலக்குளத்தில் எங்கள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த கம்பத்துக்கு எதிர்வீட்டில் சாவு. பெட்டி டவுனிலிருந்து வேறு கம்பெனி கொண்டுவந்தது. பக்கத்தில் மாலை கட்டுகிறவர், வண்டியில் அந்தப் பக்கமாக வந்த அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

“ஃப்ரான்ஸ்ல இருக்கிற புள்ள போன்ல தேடி அங்கிருந்தே புக் பண்ணிடுச்சு. நீ இன்னும் கம்பத்துல பசை தடவிக்கினு இரு.”

அக்கா திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லித் தன் போனில் தேடினார். டவுன் கம்பெனிகள் வரிசையாக வந்தன. நாங்கள் இல்லை. அன்று மாலை என்னிடம் சொல்லிவிட்டார்: கார்த்திகைக்குள் நிலைமை மாறவில்லை என்றால் பெட்டிகளையும் வண்டியையும் விற்றுவிடுவேன், நீங்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு எட்டு மாதம் முன்னதாகவே சொல்கிறார். வேறு முதலாளியாக இருந்தால் அன்று காலையில் சொல்லியிருப்பார்.

ஒரு இணையதளம் போட வேண்டும், தேடினால் முன்னால் வரவைக்க வேண்டும், அதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன, எஸ்ஈஓ என்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். பிறகு கம்பெனி தேட ஆரம்பித்தார். நான் பெண் பார்க்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு கேள்வி அங்கே கிடையாது.

சென்னையிலிருந்து ஒருவர் வீடியோவில் வந்தார். பதினைந்து நாளில் முதல் இடம், எழுதியே தருகிறோம் என்றார். அக்கா, எந்த வார்த்தையைத் தேடினால் முதல் இடம் என்று கேட்டார். உங்கள் கம்பெனிப் பெயரைத் தேடினால் என்றார் அவர்.

“எம்பேரு தெரிஞ்சவங்கிட்ட எந்நம்பரும் இருக்குமே. அவங்க ஏன் தேடப்போறாங்க?” என்று கேட்டார் அக்கா. அந்தப் பக்கம் நெட்வொர்க் கட்டானது. திரும்ப வரவே இல்லை.

அடுத்தது மூலக்குளத்தில் மாடியில் ஏசி போட்ட ஆபீஸ். சுறுசுறுப்பான ஆள், முப்பது வயதுக்குள் இருக்கும். நாங்கள் போவதற்கு முன்பே மாதிரிக்கு ஒரு இணையதளம் செய்து வைத்திருந்தார். கல்யாண மண்டபத்துக்கோ எதற்கோ செய்ததில் படத்தை மட்டும் மாற்றியிருக்கிறார் போல. மேலே ‘எங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்’ என்று இருந்தது. கீழே கைகூப்பிய பெண் படத்தோடு ‘நன்றி, மீண்டும் வருக’. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. அந்த ஆளும் சிரித்துவிட்டு மாற்றிவிடலாம் என்றார். பிறகு, ஐந்து நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதச் சொல்லி வாடிக்கையாளர்களிடம் கேளுங்கள் என்றார்.

“எப்ப கேக்கறது? பெட்டிய எடுக்கறப்பவா, கருமாதி அன்னிக்கா?” என்றார் அக்கா.

அந்த ஆள் அசரவில்லை. உண்மையான விஷயம் இதுதான் என்று மேப்பைத் திறந்தார். பாகூர் பக்கம், வில்லியனூர் பக்கம், கடலோரம் எல்லாம் சேர்த்து இருபது ஊரில் நம் பெயரில் புள்ளி வைத்துவிடலாம், எந்த ஊர்க்காரர் தேடினாலும் நாம் அவர் ஊரிலேயே இருக்கிற மாதிரிக் காட்டும், டவுன் கம்பெனி அதைத்தான் செய்கிறது, ஒரு மாதம் இலவசமாகச் செய்து காட்டுகிறேன் என்றார்.

அக்கா இரண்டு கேள்வி கேட்டார். இருக்கிற மாதிரிக் காட்டினால் இருக்கிறோம் என்றுதானே நினைப்பார்கள்? அதற்கு அவர், நினைக்கட்டும், அதற்குள் நீங்கள் போய்விடுவீர்களே என்றார். உங்களை விட்டுப் போன கஸ்டமர் ஒருவர் நம்பர் கொடுங்கள் என்பது இரண்டாவது. இருக்கிற கஸ்டமர் நம்பர்தானே கேட்பார்கள் என்று அவருக்குக் குழப்பம். எங்களை விட்டு யாரும் போனதில்லை என்றார். அக்கா, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார். படியில் இறங்கும்போது, “யாரும் வுட்டுப் போகாத கடை எங்கண்ணா இருக்குது?” என்றார்.

அடுத்து நடந்தது என் தப்பு. சுற்றி வளைக்க வேண்டாம்.

அக்கா தன் அண்ணன் மகளின் விசேஷத்துக்காகப் பிள்ளைச்சாவடிக்கு இரண்டு நாள் போனார். ஆபீஸ் போன் என்னிடம் இருந்தது. மூலக்குளத்து ஆள் கூப்பிட்டார். எல்லாம் தயார், ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னால் போதும், ஒரு மாதம் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்றார். நான் நின்றுகொண்டிருந்த பெட்டிகளைப் பார்த்தேன். இதுவும் போனால் மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். அப்படி நிற்பது எனக்குப் புதிதில்லை, ஆனால் அந்த வருடம் முழங்கால் வலி ஆரம்பித்திருந்தது. வந்த நம்பரைப் படித்துக் காட்டினேன்.

மூன்றாம் நாள் அக்கா வந்தபோது ஒரு பெட்டி வெளியே போயிருந்தது. அடுத்த வாரம் இரண்டு. என்ன திடீரென்று என்று கேட்டார். நேரம்தான்கா என்றேன். கெட்ட நேரத்தில் நல்ல நேரம் என்று அவரும் விட்டுவிட்டார்.

ஒரு நாள் காலை பத்து மணி. அக்கா கொட்டகைக்குப் பின்னால் பெட்டிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். போனை நான் எடுத்தேன். பாகூரைத் தாண்டி, ஆற்றோரமாக ஒரு ஊர். அப்பா இறந்துவிட்டார். “நீங்க நம்ம ஊர்லயே இருக்கீங்களே சார், மேப்புல காட்டுது. உடனே வந்துடுவீங்கள்ல?” என்று கேட்டார் ஒருவர்.

“இதோ வந்துனே இருக்கோம் சார்” என்றேன்.

அக்காவிடம் ஊர் பெயரை மட்டும் சொன்னேன். நேரம் சொன்னீர்களா என்று கேட்டார். சொல்லிட்டேன் என்றேன். அன்று கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஊர்ந்து போனது. பாகூர் போவதற்குள் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. நடுவில் நான்கு முறை போன் வந்தது. ஓட்டிக்கொண்டிருந்ததால் நான் எடுக்கவில்லை, நான் எடுக்காததைப் பார்த்து அக்கா என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பேசினார். அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுவிட்டு, “இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் ஆவும் சார்” என்றார். வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சித்திரை வெயில். அந்த ஊரில் கரண்ட் வேறு போயிருந்தது. மீன்காரரிடம் ஐஸ் பார் வாங்கி வந்து பெரியவரைச் சுற்றி வைத்திருந்தார்கள். பாதி உருகி, கூடம் எல்லாம் தண்ணீர். பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தத் தண்ணீரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். ஜெனரேட்டர் பிடித்துப் பெட்டியை ஓடவிட்டோம். போன் செய்த அந்த மகன் முடிந்த பிறகு அக்காவிடம் வந்து போனைக் காட்டினார். கத்தவில்லை. சந்தேகம் கேட்கிறவர் மாதிரிக் கேட்டார்.

“இங்கதானம்மா இருக்கீங்கன்னு போட்டிருக்குது. நடந்து போய்ப் பாத்தேன். அது எங்க சித்தப்பா மோட்டார் கொட்டா. கதவத் தட்டிக்கினு நின்னேன்.”

அப்பா இறந்த அரை மணி நேரத்தில், சட்டைகூடப் போடாமல், வயல் வரப்பில் நடந்து போய், பூட்டிய மோட்டார் கொட்டகையின் கதவைத் தட்டியிருக்கிறார்.

அக்கா போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிய ஒரு நொடி போதுமாக இருந்தது. “தப்பு எங்களுது சார். நாங்க வில்லியனூர்ல இருக்கோம். இந்த ஊர்ல எங்களுக்கு ஒன்னும் கெடையாது” என்றார். அந்த மனிதர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டு வாங்குவது எனக்கு ஒரு வேலையே இல்லை. அக்கா அதைச் செய்யவில்லை.

“அவரு நடந்த வழிய நீங்களும் ஒருக்கா நடந்துட்டு வாங்கண்ணா.”

நடந்தேன். வரப்பு, ஒரு வாய்க்கால், மறுபடி வரப்பு. மோட்டார் கொட்டகைக் கதவில் துருப்பிடித்த பூட்டு. தட்டவில்லை. திரும்பி வந்தேன்.

“எவ்ளோ ஆச்சு?”

“இருவது நிமிஷம்கா. போவ பத்து, வர பத்து.”

கொட்டகைக்கு வந்ததும் நோட்டை எடுத்து அந்த ஊரின் பெயருக்கு நேராக எழுதினார்: மோட்டார் கொட்டகை, நடை, இருபது நிமிடம். அந்த வரியை அவர் அடிக்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. நான் அங்கே இருந்தவரை கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நோட்டும் கண்ணில் படும்.

புள்ளிகளை எடுக்கச் சொன்னபோது மூலக்குளத்து ஆள் இன்று, நாளை என்றார். எல்லாம் அவர் கணக்கில், அவர் பாஸ்வேர்டில் இருந்தன. நாங்கள் கை வைக்க முடியாது. அக்கா தினமும் காலை ஒன்பதரைக்கு அந்த மாடிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வருகிறவர்கள் விசாரித்தால் என்ன தொழில் என்பதை மறைக்காமல் சொன்னார். குளிர்பெட்டிக்காரம்மா காலங்காலையில் வந்து உட்கார்ந்திருக்கும் ஆபீஸில் யார் கல்யாண மண்டபத்துக்கு இணையதளம் போடுவார்கள்? நான்காம் நாள் இருபது புள்ளியும் போய்விட்டன. போன் மறுபடி ஓய்ந்தது. மூன்று பெட்டிகளில் ஒன்றை அந்த மாதம் விற்றார்.

கடைசியில் கிடைத்தவர் பாகூரில் உரக்கடைக்கு மேலே ஒரே அறையில் தனியாக வேலை பார்த்த ஒரு பெண். ஒரு விதைக்கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். லேப்டாப்பைத் திறக்காமலே, “உங்கள யாருக்கா கூப்பிடறாங்க? சாவு வூட்ல இருக்கிறவங்களா, வெளியில இருக்கிறவங்களா?” என்று கேட்டார்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்தார். ஒவ்வொரு அழைப்பும் எங்கிருந்து வந்தது என்பது அதில் ஓரமாக இருந்தது. ஃப்ரான்ஸ், சிங்கப்பூர், பெங்களூர். பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான். அழுகிறவர் தேடுவதில்லை, வர முடியாதவர்தான் தேடுகிறார். அந்தப் பெண் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு, இதை அப்படியே போடலாம், ஊருக்கு ஒரு பக்கம், எந்த நேரத்தில் எவ்வளவு நேரமாகும், எந்தத் தெருவில் வண்டி இறங்காது எல்லாம், இப்படி யாரும் எழுதி வைத்திருக்கவில்லை என்றார்.

முதல் இடம் வருமா என்று நான்தான் கேட்டேன்.

“வாக்கு குடுக்க முடியாதுண்ணா. அது என் கையில இல்ல. ஆறு மாசமாவது ஆவும். அதுக்கு மேலயும் ஆவலாம்.” அக்கா பக்கம் திரும்பினார். “அதுவரைக்கும் உங்களுக்குத் தாங்குமா?”

கார்த்திகைக்கு அப்போது மூன்று மாதம்தான் இருந்தது. அக்கா தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். விட்டுப் போன கஸ்டமர் ஒருவர் உடனே கிடைத்தார், ஒரு டைல்ஸ் கடைக்காரர். அக்கா அங்கேயே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். வேலை சுத்தம், ஆனால் லேட்டாகும் லேட்டாகும் என்று முதலிலேயே சொன்னது அந்தப் பெண், எனக்குத்தான் பொறுமை இல்லை என்றார் அவர். அந்தப் பெண் தலை குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அக்கா போனை வைத்தார். “தாங்கிக்கிறேன்” என்றார்.

எல்லாம் அக்காவின் பெயரில், அக்காவின் நம்பரில்தான் இருக்க வேண்டும், நாளைக்கு என்னை வேண்டாம் என்றாலும் உங்களுடையது உங்களிடம் இருக்கும் என்று அந்தப் பெண் சொன்னதையும் இங்கே எழுத வேண்டும். பாகூர்ப் பெட்டிக்காரர் நம்பரையும் அந்தந்த ஊர்ப் பக்கத்தில் போட வேண்டும் என்று அக்கா சொன்னபோது மட்டும் அவருக்கு முகம் மாறியது. யாரும் அப்படிச் செய்வதில்லை அக்கா என்றார். அக்கா, அதனால்தான் போடச் சொல்கிறேன் என்றார்.

கார்த்திகை வந்தது. எதுவும் மாறவில்லை. அக்கா விற்கவில்லை. கெடு வைத்து அதை மீறியது என்று எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். தை கடைசியில் ஃப்ரான்ஸிலிருந்து ஒரு போன் வந்தது. உங்கள் பக்கத்தில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருக்கிறீர்கள், மற்றவர்கள் எல்லாம் உடனே என்று போட்டிருக்கிறார்கள், அதனால் உங்களைக் கூப்பிட்டேன் என்றார் அந்தப் பிள்ளை. பிறகு மெல்ல மெல்ல வந்தது. கேட்காமலே ஒரு வாத்தியார் மூன்று நட்சத்திரம் போட்டு எழுதினார்: ‘சொன்னதைவிட ஐந்து நிமிடம் தாமதம். ஆனால் தாமதமாகும் என்பதை முன்பே போன் செய்து சொன்னார்கள்.’ அக்கா அதை வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். விற்ற பெட்டிக்குப் பதில் அடுத்த ஆடிக்குள் ஒன்று வாங்கினார்.

நான் கிளம்பியதற்குக் காரணம் ஒன்றுமில்லை. எனக்கு அப்படித்தான். ஒரு மாதம் முன்னதாகச் சொன்னேன், அதை அவரிடம்தான் கற்றிருந்தேன். வேறு ஆள் பிடித்துக் கொடுத்தேன். கிளம்பும் அன்று அக்கா தலையை மட்டும் அசைத்தார். நானும் வரேன் என்று சொல்லவில்லை.

மூன்று வருடம் ஆகியிருக்கும். கோழிக்கோட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் இருந்தேன். பழைய போன் ஐஸ் தொட்டியில் விழுந்து, இருந்த நம்பரெல்லாம் போயிருந்தது. ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குத் தங்கை கூப்பிட்டாள். கிருமாம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் அப்பா போய்விட்டார். பெட்டி யாரிடம் சொல்வது என்று கேட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்தேன்.

புதுப் போனில் ஊர் பெயரைப் போட்டுத் தேடினேன். டவுன் கம்பெனி இரண்டு, அதற்கடுத்து அக்கா. மூன்றாவது இடம். தொட்டதும் அந்தப் பக்கம் திறந்தது. கிருமாம்பாக்கம், காலை: ஒரு மணி நேரம். பள்ளி விடும் நேரம்: ஒன்றேகால். கோயில் பின் தெருவில் வண்டி இறங்காது, பெட்டியைத் தூக்கி வர நான்கு பேர் வேண்டும். அது நான் ஓட்டிச் சொன்ன நேரம். எங்கள் தெருவும் அதுதான். அடியில் பாகூர்க்காரர் நம்பர்.

அக்கா நம்பரை அழுத்தினேன். ஸ்பீக்கரில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ஊரைச் சொன்னேன்.

“ஒரு மணி நேரம் ஆவும் சார். பாகூர்ல ஒருத்தர் வெச்சிருக்காரு, அவரு இருவது…”

“தெரியும்கா. நீங்களே வாங்க.”

தண்ணீர் நின்றது. “அண்ணா?”

“ஆமாங்கா. அப்பா.”

அழுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, சற்று விட்டுக் கேட்டார். வீட்டில் கரண்ட் இருக்கிறதா, எர்த் இருக்கிற பிளக் எந்தச் சுவரில் இருக்கிறது, தூக்க நான்கு பேர் இருக்கிறார்களா. சொன்னேன். கடைசியாகக் கேட்டார்.

“நீங்க வர எவ்ளோ நேரம் ஆவும்ணா?”

இதோ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கோழிக்கோட்டு பஸ் ஸ்டாண்டு, கோயம்புத்தூர், அங்கிருந்து கடலூர், டவுன் பஸ் எல்லாவற்றையும் மனதில் ஓட்டிக் கூட்டினேன்.

“பதினாறு மணி நேரம் ஆவும்கா.”

அவர் நோட்டில் எழுதுகிற சத்தம் கேட்டது போலிருந்தது.

“சரிண்ணா. பெட்டி தாங்கும். நிதானமா வாங்க.”